ஜீப்புக்கு அடியில் இரண்டு வெட்டு

2008, ஆடி மாதம். வாடகை ஜீப் ஓட்டிவந்த என் கணவர் விருதுநகர் பைபாஸில் லாரி மோதி இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. முன்பக்கம் நசுங்கிய ஜீப் வாசலில் கிடந்தது. பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளும் ஷாக் அப்சார்பர்களும் அவர் அப்போதுதான் புதிதாகப் போட்டவை. அவற்றை விற்றால் தையல் மெஷின் வாங்கி வீட்டோடு பிழைக்கலாம். இல்லாவிட்டால் தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனிதான். வெடிமருந்து என்றாலே எனக்கு ஈரக்குலை நடுங்கும்.

அவருடைய சிநேகிதர் ஒருவர் பட்டறை வைத்திருந்தார். அவரிடம் போய் நின்றேன்.

"ஆளு போன வண்டிச் சாமான நம்ம பக்கத்துல எவன் தொடுவான் தங்கச்சி? பழைய இரும்புக்குப் போட்டுரு" என்றார்.

ஊரில் அப்படி ஒரு பயம் உண்டுதான். அதனால் கம்ப்யூட்டர் படித்த என் மகள், பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து போட்டோவோடு இன்டர்நெட்டில் விளம்பரம் போட்டாள். மதுரையிலிருந்து ஒரே ஒருவர் பேசினார். அடிமாட்டு விலைக்குக் கேட்டார். வேறு ஆள் வரவில்லை, கொடுத்துவிட்டோம். மெஷின் வாங்க அது போதவில்லை. அழுதுகொண்டே கம்பெனி ஜீப்பில் ஏறினேன்.

ஐப்பசியில் ஒருநாள் வேலை முடிந்து திரும்பும்போது ஜீப் பஞ்சர். கம்பெனி வண்டிக்குச் சாமான் மாற்றுவதெல்லாம் கணவரின் சிநேகிதருடைய அதே பட்டறையில்தான், அங்கே ஜாக்கி போட்டுத் தூக்கினார்கள். ஓரமாகக் குத்தவைத்திருந்த நான் தற்செயலாக அடியில் பார்த்தேன். பட்டையின் உள்விளிம்பில் உளியால் போட்ட இரண்டு வெட்டு.

பட்டறையில் விட்டால் நல்ல சாமானை மாற்றிவிடுவார்கள் என்று என் கணவர் எல்லாவற்றிலும் அப்படி வெட்டிவைப்பார். யாரையும் நம்பாத மனுஷன் என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

"அண்ணே, இந்தப் பட்டைய எங்கன வாங்குனீக?"

"மதுரையில என் மச்சினன் வாங்கி அனுப்புனான்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தவர் தலையைக் குனிந்துகொண்டார். "யாவாரம்னா அப்படித்தான் தங்கச்சி. நானே கேட்டா நீ வெலையக் கூட்டுவ."

ஜீப்பில் போய் உட்கார்ந்தேன். மறுநாளும் அதே ஜீப்தான் வந்தது, ஏறித்தான் ஆகவேண்டும்.

என்னை மருந்து வேலைக்கு ஏற்றிப் போகும் வண்டியில், பள்ளம் மேடு எதுவும் என் இடுப்பில் அடிக்காமல் இன்றைக்கும் தாங்குவது அவர் வாங்கிப் போட்ட அந்தப் பட்டைகள்தான் என்பதை நினைத்தால், செத்தும் என்னைத் தாங்குகிற அவரை நினைத்து அழுவதா, தங்கச்சி என்று கூப்பிட்ட வாயை நினைத்துக் காறித் துப்புவதா என்று தெரியவில்லை.