முப்பதாவது விண்ணப்பம்

அந்த விண்ணப்பத்தில் 'தற்போது செய்யும் வேலை' என்று ஒரு கட்டம் இருந்தது. ஒரு சொல்லுக்கு மேல் எழுத இடம் கிடையாது. இருபத்தொன்பது தாள்களில் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி முடித்துவிட்டு, முப்பதாவது தாளிலும் அதையே எழுதிக்கொண்டிருந்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். பிள்ளையார்பாளையத்தில் ஒரு குறுகலான வீடு. கூடத்தில் முக்கால்வாசியைத் தறி அடைத்துக்கொண்டிருந்தது. அவருடைய வீட்டுக்காரர் அதில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். அக்கா பக்கத்திலேயே ராட்டையில் தார் சுற்றுகிறவர். சேலையில் குறுக்கே ஓடுகிற பட்டு இழையைச் சின்னக் குச்சியில் சுற்றித் தருவதுதான் தார். அதற்கென்று தனிக் கூலி கிடையாது, சேலைக் கூலியிலேயே அதுவும் அடக்கம். அதுவரை நான் போன வீடுகளில் எல்லாரும் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இவர் ஒருவர்தான் படித்துப் பார்த்தார்.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு மாடியில் இயங்கிய பயிற்சி மையத்தில், தெருத் தெருவாகப் போய் ஆள் சேர்ப்பது என் வேலை. பெண்களுக்கு மோட்டார் காயில் கட்டக் கற்றுத்தர அரசாங்கம் மானியம் ஒதுக்கியிருந்தது. மெல்லிய பட்டு இழையை அறாமல் சுற்றுகிற கைக்குச் செம்புக் கம்பி எம்மாத்திரம் என்று யாரோ நல்லபடியாகத்தான் யோசித்திருந்தார்கள். முப்பது பேர் சேர்ந்தால்தான் மானியம். வேலையில்லாத பெண்களாக இருக்க வேண்டும். வகுப்பு தொடங்கும் நாளில் முப்பத்தைந்து வயது தாண்டியிருக்கக் கூடாது. அக்காவுக்கு வருகிற தை மாதம் முப்பத்தைந்து முடிகிறது. நான் போனது ஆனி மாதம். வீட்டுக்காரருக்குத் தோள்பட்டை விட்டுப்போய்க்கொண்டிருந்தது, இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளியில் படித்தார்கள். இந்தத் தடவை விட்டால் அவருக்கு வேறு தடவை இல்லை. அது அவருக்கும் நன்றாகத் தெரியும்.

"வேலை இல்லைன்னு நீ எப்டிமா எழுதுவே? காலைல எழுந்ததுலேர்ந்து இந்த ராட்டைய சுத்திக்கினுதானே இருக்கிறேன்" என்றார்.

நான் சிரித்துக்கொண்டே, அது சும்மா படிவத்துக்காகத்தான் அக்கா, எல்லாருக்கும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன் என்று சமாதானம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கல்யாணமாகி வந்த மறுவாரம் ராட்டையில் உட்கார்ந்தவர், பிள்ளை பெற்ற பதினாறாம் நாளும் உட்கார்ந்தவர். "நான் கையெழுத்து போட்டா, இத்தினி வருஷம் சும்மா குந்திக்கினு இருந்தேன்னு நானே ஒத்துக்கினா மாதிரி ஆயிடும். போட மாட்டேன்" என்று தாளைத் தள்ளி வைத்துவிட்டார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. வெயிலில் அலைந்து பிடித்த ஆட்கள். இவர் ஒருத்தர் போடாவிட்டால் மற்ற இருபத்தொன்பது பேருக்கும் மானியம் போய்விடும், என் சம்பளமும் அதோடு போய்விடும் என்று கத்தினேன். தறிச் சத்தம் நின்றுபோனது. அக்கா உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் மையத்தில் ஏழெட்டுப் பெண்கள் வந்து நின்றார்கள். செய்தி தெருவெல்லாம் பரவியிருந்தது. எங்கள் தாளில் என்ன எழுதியிருக்கிறாய், எடுத்துக் காட்டு என்றார்கள். ஒருத்தி ஜரிகை சுற்றுகிறவள், ஒருத்தி பாவு புணைக்கிறவள், அதாவது தறியின் நீள இழைகளை ஒவ்வொன்றாக முடிகிறவள், இன்னொருத்தி புருஷன் கூலிக்குள்ளேயே சாயப்பட்டறையில் பட்டு அலசுகிறவள். 'இல்லை', 'இல்லை' என்று என் கையெழுத்திலேயே வரிசையாகப் பார்த்தபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த வாரத்துக்குள் அநேகமாக எல்லாத் தாள்களும் திரும்பக் கேட்கப்பட்டன. இரண்டு பேர் மட்டும், எங்களுடையது இருந்தபடி இருக்கட்டும், வம்பு வேண்டாம் என்றார்கள். அவர்கள் வீட்டுக்கும் போய் உட்கார்ந்து பேசி அக்கா மாற்றிவிட்டார். அதில் எனக்கு இன்றுவரை முழுச் சம்மதம் கிடையாது. பயந்தவர்களைப் பயந்தபடியே விட்டிருக்கலாம்.

எங்கள் மையப் பொறுப்பாளர் தலையில் கையை வைத்துக்கொண்டார். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாயே என்றார். பழைய இருபத்தொன்பது தாள்களோடு இன்னொருத்தி பேரைச் சேர்த்து அப்படியே அனுப்பிவிடலாம், யார் பார்க்கப்போகிறார்கள் என்றும் சொன்னார். அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் பெண்கள் தாங்களே உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்த புதுத் தாள்கள் மேசைமேல் இருந்தன. கட்டம் போதாமல் ஓரத்திலெல்லாம் நுணுக்கி எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. வேலை போனால் போகட்டும் என்று புதுத் தாள்களை எடுத்துக்கொண்டு நானே மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். துணைக்கு அக்கா வந்தார்.

அதிகாரி கெட்டவர் இல்லை. விதியில் இருக்கிறதைச் சொன்னார். வேலை இருக்கிறவர்களுக்கு இந்த மானியம் கிடையாது, வேறு எழுதிக்கொண்டு வாருங்கள், உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறேன் என்றார். அக்கா நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே கேட்டார்: "வேலை செய்றோம் சார், கூலிதான் எங்க பேர்ல இல்ல. அதுக்கு உங்க தாள்ல இடம் இல்லன்னா, குறை எங்க மேலயா, தாள் மேலயா?" அதிகாரி கொஞ்ச நேரம் தாள்களைப் புரட்டினார். பிறகு, மேலே எழுதிக் கேட்கிறேன், எத்தனை நாளாகும் என்று சொல்ல முடியாது என்றார். வெளியே வந்ததும், நாளாகுமாமே அக்கா, தை வந்துவிடுமே என்றேன். வரட்டும் என்றார்.

ஆடி போனது, புரட்டாசி போனது. கோப்பு இரண்டு தடவை திரும்பி வந்தது. முதல் தடவை, இவர்கள் வேலை செய்வதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டிருந்தார்கள். அக்கா தெருவில் தறி வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் எழுதி வாங்கினார். என் மனைவி செய்கிற வேலை இது என்று எழுதிக் கொடுக்க ஆம்பிளைகளுக்குக் கை வரவில்லை. வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டாவது தடவை, வருமானம் எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள். தனி வருமானம் கிடையாது என்று எழுதினோம். அதைத்தானே முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று நான் பல்லைக் கடித்தேன். பொங்கலும் வந்து போனது. அக்காவுக்கு முப்பத்தைந்து முடிந்தது.

மாசியில் உத்தரவு வந்தது. தனிக் கூலியில்லாமல் வீட்டுத் தொழிலில் உழைக்கிற பெண்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. படித்ததும் அழுதேன். கையோடு அக்கா வீட்டுக்கு ஓடினேன். பழைய ரேஷன் கார்டில் அவருக்கு இரண்டு வயது குறைவாகப் போட்டிருந்தது எனக்குத் தெரியும். அதைக் காட்டிச் சேர்த்துவிடுகிறேன், இது யாரையும் கெடுக்கிற பொய் இல்லை, உங்களால் வந்த உத்தரவில் உங்களுக்கு இடமில்லை என்றால் தெய்வத்துக்கே அடுக்காது என்று கெஞ்சினேன்.

அக்கா ராட்டையை நிறுத்தினார். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "ஒரு பொய்க்கு ஆவாதுன்னுதானேமா இத்தினி மாசம் அலைஞ்சோம். இன்னொன்ன எழுதச் சொல்றியே" என்றார். பிறகு தன் ஓரகத்தியைக் கூப்பிட்டு, நீ போ என்று சொல்லிவிட்டார். கொழுந்தன் மனைவியான அந்தப் பெண்ணுக்கு இருபத்தெட்டு வயது, புருஷனுக்குத் துணையாகச் சாயப்பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தவள், அதுவரை விண்ணப்பம் போடாதவள். அவள்தான் முப்பதாவது ஆள். அன்றைக்கு எனக்கு அக்கா மேல் வந்த கோபம் சொல்லி மாளாது. நல்லவராக இருப்பதற்கும் ஓர் அளவு வேண்டாமா என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஆனால் அவர் சும்மா விடுகிற ஆள் இல்லை. ஓரகத்தி தினமும் வகுப்பு முடிந்து வந்ததும், அன்றைக்குக் கற்றதை அப்படியே தனக்குச் செய்து காட்ட வேண்டும் என்று கட்டளை. எரிந்துபோன ஒரு மின்விசிறியைக் காயலான் கடையில் வாங்கிப் பிரித்துப் பிரித்துக் கட்டினார்கள். இப்போது ஐயம்பேட்டையில் மெயின்ரோட்டில் இருவரும் சேர்ந்து கடை வைத்திருக்கிறார்கள். சுற்றுப்பட்ட கிராமங்களிலிருந்து கிணற்று மோட்டார்கள் வருகின்றன. சுவரில் ஓரகத்தியின் சான்றிதழ் மாட்டியிருக்கிறது. அக்காவிடம் எதுவும் இல்லை. பயிற்சியால் வேலை பெற்றவர்கள் என்று நாங்கள் அரசாங்கத்துக்கு அனுப்பிய பட்டியலிலும் அவர் பெயர் வராது.

போன மாதம் எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். இத்தனை வருடமாக இதே துறையில் இருந்து, புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கெல்லாம் அந்தக் கட்டத்தை எப்படிக் கேட்டு நிரப்ப வேண்டும் என்று பாடம் எடுக்கிற நான், மோட்டாரை இறக்கி வைத்துவிட்டு, "அவசரமில்லக்கா, சும்மா இருக்கும்போது பாத்துக் குடுங்க" என்றேன்.

அக்கா திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் எப்பம்மா சும்மா இருந்தேன்?"