மோட்டார் ரூமுக்குப் பத்தடி தள்ளி

நான் வேலை பார்க்கும் கனடா ஊரில் ஒரு விநோதம். சாயங்காலம் காரை எடுத்துக்கொண்டு கிராமப் பக்கம் போய், யாருடைய பழைய தானியக் கொட்டகையையும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் படம் எடுக்கலாம். ஏன் என்று கேட்க ஆள் வராது. ஒரே ஒரு முறை ஒரு விவசாயி டிரக்கை நிறுத்தினார். நான் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அவரோ, கார் ரிப்பேரா, உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். எட்டு வருடத்தில் நூறு கொட்டகைகளுக்கு மேல் சேர்ந்துவிட்டன. சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்கிறாள் என் மனைவி.

உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கட்டடத்தின் படம். போன மாதம் காஞ்சிபுரம் வந்தபோது, ஐயம்பேட்டையில் அக்கா வீட்டிலிருந்து வாடகைக்கு எடுத்த வெள்ளைக் காரில் ஏனாத்தூர்ப் பக்கம் கிளம்பினேன். கல்லூரி பஸ்கள் போய் ரோடு ஓய்ந்திருந்த நேரம். அந்த மோட்டார் ரூம் ஓடு சரிந்து, சுவர்க் காரை உதிர்ந்து அங்கேயேதான் இருந்தது. காலமாகிவிட்ட என் அப்பா அந்த நிலத்தில் மடை திருப்பும் கூலியாளாக இருந்தவர். கரண்ட் வந்து, நிலக்காரர் வீட்டு ஆள் ஸ்விட்ச் போடும்வரை காத்திருப்பார். எங்கள் காலனி ஆட்கள் ரூமுக்குள் கால் வைக்கக் கூடாது. மழை பெய்தாலும் வெளியேதான். நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வரும்.

கூரை முழுக்கப் படத்தில் அடங்க வேண்டுமே என்று, சுவரிலிருந்து பின்னோக்கி அடியடியாக எண்ணிக்கொண்டே நடந்தேன். பத்தாவது அடியில், வரப்பிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் புல் அறுத்த அரிவாள்.

“இன்னாய்யா அளந்துக்கினு இருக்கிறே? ரோடு வருதுன்னாங்களே, அதுக்கா? இது பட்டா நிலம்யா, நாங்க வாங்கினது!”

வெள்ளைக் கார், எண்ணி நடக்கும் ஆள், படம். எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்பதையே நான் மறந்து போயிருந்தேன்.

“ஐயோ, ஆபீசர் இல்லக்கா. சும்மா போட்டோதான்.”

“இடிஞ்ச கொட்டாய எவனாவது சும்மா போட்டோ எடுப்பானா?”

செல்போனில் கனடாக் கொட்டகைகளைத் தள்ளித் தள்ளிக் காட்டினேன். நம்பவில்லை. கடைசியில் அப்பா பெயரைச் சொன்னேன். அரிவாள் தாழ்ந்தது.

“மடை திருப்புவாரே, ஏழுமலை அண்ணன், அவர் புள்ளையா நீ? வயித்த கலக்கிட்டியேப்பா!” என்று வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. அவர் கன்னியம்மாள், எங்கள் காலனிக்காரர்தான். நிலக்காரரின் பிள்ளைகள் விற்றபோது, கொத்து வேலை செய்யும் புருஷனும் அவருமாக இந்த அரை ஏக்கரை வாங்கியிருக்கிறார்கள்.

“அப்புறம் இன்னாத்துக்கு அம்மாந்தூரம் நிக்கிறே? உள்ள வா. நம்ம ரூம்தான்.”

வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தேன்.

“அட, போட்டுக்கினே வாப்பா.”

உள்ளே கிரீஸ் வாடை. அவர் ஸ்விட்சில் கை வைத்தபடி நின்று, எடு என்றார். அவ்வளவு கிட்டத்தில் கூரை அடங்கவில்லை. அவர் சிரிப்பும் பாதி மோட்டாரும்தான் விழுந்தன. கண் கலங்கியதில் அதுவும் கொஞ்சம் அசைந்துவிட்டது.

நேற்றுச் சாயங்காலம் கனடாவில் மறுபடி ஒரு கொட்டகை முன்னால் நின்றேன். வழக்கம்போல எண்ணிக்கொண்டே பின்னால் நடந்தேன். பத்து வந்ததும் கேமராவைத் தூக்காமல், யாராவது கத்துகிறார்களா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.