மடவை மீனுக்காக அரசர் எழுதிய கடிதம்

மொலோகாய்த் தீவின் கிழக்குக் கரையில் கைப்போவைத் தெரியாதவர்கள் குறைவு. அன்னாசித் தோட்டத்தில் டிராக்டர் பழுது பார்ப்பவன். நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ் இருக்கும். அரசர் காலத்துக் கடிதங்களைத் தேடிச் சேர்ப்பவனும்கூட; ஆனால் எதையும் அவன் தொடுவதற்கு முன் அக்கா லெய்மோமி இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவ வைத்துவிடுவாள். எட்டாம் வகுப்போடு நின்றவள் அவள். கடிதங்களைப் பூச்சி அரிக்காமல் பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவது அவள் பொறுப்பு. அரச குடும்பத்தார் எழுதியவை, தீவின் ஆளுநர் எழுதியவை, நாய்களுக்கு வரி கேட்டு ஓர் அதிகாரி எழுதியது என எல்லாம் அதில் இருந்தன.

அரசர்களின் ஆட்சி போய்க் கொடி இறங்கி அறுபது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. அவர்களுடைய கையெழுத்தாவது நம்மவர்களிடம் இருக்க வேண்டும் என்பான் கைப்போ. தம்பி பிடித்தால் உடும்புப்பிடி என்று லெய்மோமி கடைத்தெருவில் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

அந்தப் பிடிக்கும் சிக்காமல் இருந்தது, ஊரே அத்தை என்று அழைத்த ஹனாக்கேயாவின் கடிதம். அரசருக்கு மீன் அனுப்பும் கடலோரக் குளத்துக்குக் காவலாக இருந்த அத்தையின் தாத்தாவுக்கு அரசரே தம் கையால் எழுதியது. முதல் முறை போனபோது கைப்போ, தான் இன்னாரின் பேரன் என்று வாசலில் நின்று சொல்லாமல், எடுத்த எடுப்பில் கடிதத்தைக் கேட்டுவிட்டான். வம்சம் சொல்லாதவனுக்கு அந்தக் கரையில் தண்ணீர்கூடக் கிடைக்காது. அத்தை கதவைச் சாத்தினாள். பிறகு பாட்டன் முப்பாட்டன் பெயரெல்லாம் சொல்லிப் பலமுறை போனான். பேசினாள், சிரித்தாள், மீன் பரிமாறினாள். கடிதத்தை மட்டும் காட்டவில்லை.

ஒருநாள் அத்தை இறந்த செய்தி வந்தது. இறந்தவர் கைபட்டுப் பழகிய பொருள் வெளியார் கையில் சிக்கினால் அதை வைத்து ஏவல் செய்வார்கள் என்று, உடலோடு சேர்த்துப் புதைத்துவிடுவது வழக்கம். அக்காவும் தம்பியும் போனபோது சவப்பெட்டியில் சீப்பும் தொப்பியும் வைத்தாகிவிட்டது. கடிதம் மகன் மக்காயோவின் கையில் இருந்தது.

கைப்போ முன்னே போனான். சாவு வீட்டில் வேண்டாமடா என்று லெய்மோமி சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் நிற்கவில்லை.

"வந்துட்டியா? எங்கம்மா கண்ணை மூடட்டும்னுதானே காத்திருந்தே?" என்றான் மக்காயோ.

"திட்டுங்கண்ணே, கேட்டுக்கறேன். எனக்குத் தரவும் வேணாம். இது யாருக்கு எழுதினது, அதை மட்டும் சொல்லுங்க."

"அம்மாவோட தாத்தாவுக்கு."

"அப்போ தாத்தா பொருளை அத்தைகூட எப்படி அனுப்புவீங்க? அவங்க இதுக்குக் காவல்தானே இருந்தாங்க? தாத்தாவும்தான் குளத்தைக் காத்தாரு. போகும்போது கூடவே கொண்டுபோனாரா?"

அதற்குக் குழி பத்தாதே என்று கூட்டத்தில் ஒரு கிழவர் முணுமுணுத்தார். இரண்டு மூன்று பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். மக்காயோ கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அந்த வீட்டில் அரசர் காலத்து மொழியைப் படிக்கத் தெரிந்தவள் அத்தை ஒருத்திதான். கடைசியில் படி என்று நீட்டினான்.

கைப்போ நிறுத்தி நிதானமாகப் படித்துப் பொருளும் சொன்னான். அனுப்பிய மடவை மீன் வந்து சேர்ந்தது. போன தடவை அனுப்பியது இதைவிடப் பெரிது. குளத்துச் சுவர் எங்கோ விரிசல் விட்டுப் பெரிய மீன் தப்பிப் போகிறது, போய்ச் சரிபார் என்று அரசர் எழுதியிருந்தார்.

இப்போது யாரும் சிரிப்பை அடக்கவில்லை. மூன்று தலைமுறையாக அரசரின் பாராட்டுக் கடிதம் என்று சொல்லிவந்த குடும்பம் அது. அத்தை ஏன் காட்டவில்லை என்று லெய்மோமிக்கு அப்போதுதான் விளங்கியது. மக்காயோவும் கண்ணைத் துடைத்தபடி சிரித்தான்.

"எமகாதகி, எங்கம்மா. சரி, எடுத்துட்டுப் போ. ஆனா எங்க வீட்டுல எந்தக் குழந்தைக்கு முதல் பிறந்தநாள் விருந்து நடந்தாலும் நீ இதைக் கொண்டாந்து படிக்கணும். திட்டையும் சேர்த்து. மழை, வேலைன்னு சாக்கு சொல்லக் கூடாது."

"வந்துடறேண்ணே."

மக்காயோவுக்கு ஒன்பது பிள்ளைகள். பேரக் குழந்தைகள் வந்துகொண்டே இருந்தார்கள். கைப்போ ஒரு விருந்தையும் விடவில்லை. கால் முறிந்து கட்டுப் போட்டிருந்த ஆண்டில்கூட, லெய்மோமி பெட்டியைத் தூக்கிக்கொள்ள, நொண்டிக்கொண்டே போய்ப் படித்தான். சுவரைச் சரிபார் என்ற வரி வரும் முன்பே, அந்த வீட்டுப் பிள்ளைகள் அரசரின் சொற்களிலேயே அதை முந்திக்கொண்டு சொன்னார்கள்.