சீட்டில் விரித்த பேப்பர்

எண்பத்தேழாம் வருஷம், ஆயுத பூஜை நாள். ஹைதராபாத் நாச்சாரத்தில், என் லேத் பட்டறை வாசலில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் காது மடல் சூடாகிறது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். படிப்பு அஞ்சாம் வகுப்பு. ஆம்பூர் பக்கத்திலிருந்து ஒரு துணிப்பையோடு கிளம்பி, லாலாகுடா ரயில்வே காலனியில் இருந்த அத்தை வீட்டுக்கு வந்தவன். பதினேழு வயசில் அடுத்தவன் பட்டறையில் இரும்புச் சுருள் கூட்டினேன். முப்பத்தஞ்சு வயசில் சொந்த லேத் போட்டேன். ஐம்பதில் என் ஷெட்டில் நாற்பது பேர். பெரிய பெரிய அரசாங்கக் கம்பெனி எஞ்சினியர்கள் நான் செய்து அனுப்பிய பாகத்தை அளந்து பார்த்துவிட்டு, வாய் திறக்காமல் கையெழுத்துப் போடுவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். யாரும் எனக்கு எதையும் தூக்கிக் கொடுக்கவில்லையே.

அந்தச் சமயம் மனைவி போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெண்கள் இருவரும் கல்யாணமாகி மெட்ராஸில். தார்நாக்காவில் நான் கட்டிய வீட்டில் நாலு ரூம். மூன்றில் விளக்கே போடுவதில்லை. பேச ஆளில்லாத வீட்டில் ஒரு மனுஷன் என்ன செய்வான்? நான் கார் வாங்கினேன்.

சாதாரணக் கார் இல்லை. டெல்லியில் ஏதோ ஒரு தூதரகத்துக்காரர் விட்டுப்போய் ஏலத்துக்கு வந்த ஜப்பான் வண்டி. சாம்பல் நிறம், நாலு கதவு. வெளியே பார்த்தால் பரம சாது. ஆனால் நாலு சக்கரமும் இழுக்கும், உள்ளே டர்போ. புகைக்குழாயில் வீணாகப் போகிற சூட்டுக் காற்றே ஒரு குட்டிக் காற்றாடியைச் சுழற்றி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும். மிதித்தால் ஒரு மூச்சு நேரம் ஒன்றும் நடக்காது. அப்புறம் முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுவது போல ஒரு தள்ளு! அம்பாசிடர்காரர்கள் எல்லாம் கண்ணாடியில் புள்ளியாகிப் போவார்கள். ஊரில் இன்னொருத்தரிடம் அப்படி ஒரு வண்டியை நான் பார்த்ததில்லை.

சீட் மட்டும் பாலாடை நிற வெல்வெட். பட்டறைக்காரன் வண்டியில் வெல்வெட் எத்தனை நாள் தாங்கும்? அதனால் யார் ஏறினாலும் பழைய பேப்பரை விரித்து உட்காரவைப்பேன். கணக்குப்பிள்ளை, புரோக்கர், என் மூத்த மாப்பிள்ளை, எல்லாருக்கும் பேப்பர்தான்.

இப்போது உஸ்தாத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் என் வயசுக்காரர். ஹைதராபாத்திலேயே பிறந்தவர், உருது பேசுகிறவர். என்னோடு சேர்ந்து இரும்புச் சுருள் கூட்டிய ஆள், நடுவில் கொஞ்ச காலம் ரயில்வே டீசல் ஷெட்டில் இருந்துவிட்டு வந்தவர். என் முதல் லேத்தை மாட்டுவண்டியில் ஏற்றி மல்லாபூர் மேட்டில் கொண்டுவந்தபோது மாடு நின்றுவிட்டது. பின்னால் கை கொடுத்துத் தள்ளியவர் அவர்தான். ஷெட்டில் பையன்கள் முதல் கணக்குப்பிள்ளை வரை அவருக்கு உஸ்தாத் என்றுதான் பெயர், எனக்கும் அப்படித்தான். அவர் மட்டும் நாற்பது பேர் முன்னாலும் என்னை "க்யா பே மதராசி" என்பார், என்னடா மதராசி என்கிற மாதிரி. நாலு மணிக்கு ஒரே சாயா வரும். கோப்பையில் பாதி எனக்கு, தட்டில் ஊற்றிய பாதி அவருக்கு. எங்கள் பட்டறையில் ஆயுத பூஜைக்கு மிஷின்களைத் துடைத்து எண்ணெய் போடுவதும், வண்டிச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைப்பதும் வருஷா வருஷம் அவர் வேலை. இன்னொருத்தர் கை வைத்தால் கோபம் வரும்.

அன்றைக்கும் வைத்தார். நாலு பழமும் நசுங்க வண்டியை நகர்த்தினேன். பொரிகடலை கொடுத்தாயிற்று. "வா உஸ்தாத், முதல் ரவுண்டு உனக்குத்தான்" என்று சத்தமாகக் கூப்பிட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

மிஷின் வேலையை முந்தின நாளே முடித்துவிட்டு, அவர் அன்றைக்கு ஈத் பண்டிகைக்குத் தைத்த வெள்ளைக் குர்தா போட்டு வந்திருந்தார். கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல். தாடியைக்கூட வாரியிருந்தார். என் வண்டியில் ஏறத்தான் அந்தத் துணி என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. பக்கத்துக் கதவைத் திறந்தேன். என் கை, பழக்க தோஷத்தில், டேஷ்போர்டிலிருந்து பேப்பரை எடுத்து சீட்டில் விரித்துவிட்டது.

அவர் பேப்பரைப் பார்த்தார். குனிந்து தன் குர்தாவைப் பார்த்தார். கைதட்டல் நின்றுபோயிற்று.

"கைக்கு சேட்? எதுக்கு இது?" என்றார் மெதுவாக. "நான் அவ்வளவு அழுக்கா?"

"ஐயோ, அது இல்லை உஸ்தாத்..." என்று பேப்பரை இழுத்தேன். அவசரத்தில் அது கிழிந்து பாதி சீட்டிலேயே நின்றது.

"நக்கோ சேட், வேணாம். பஸ் இருக்கு."

நடந்து போய்விட்டார். அவர் என்னை சேட், அதாவது முதலாளி, என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

வேலையை விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மறுநாள் சரியாக எட்டு மணிக்கு வந்தார். "ஹவ், ஆமா சேட்", "ஆச்சு சேட்" என்று ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகப் பதில் சொன்னார். நாலு மணிக்குத் தனியாக ஒரு சாயா வாங்கிக்கொண்டு தன் லேத் பக்கம் போய்விட்டார். என் கோப்பையில் முழு சாயா. பாதி குடித்து மீதியைக் கொட்டினேன். இரண்டு தடவை "தப்பா எடுத்துக்காதே" என்று ஆரம்பித்தேன். "என்ன தப்பு சேட்? உங்க வண்டி, உங்க சீட்" என்று முடித்துவிட்டார். மன்னிப்புக் கேட்க எனக்கு அந்தக் காலத்தில் தெரியாது. என்னிடம்தான் மற்றவர்கள் கேட்டுப் பழக்கம்.

அப்புறம் நாலைந்து மாசம் நானும் வண்டியும்தான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் புவனகிரி ரோட்டில் விரட்டுவேன். யாரைப் பார்க்கப் போகிறேன்? யாரையும் இல்லை. போய்த் திரும்புவேன். ஒரு நாள் கோடை மழையில் மல்லாபூர் பக்கம் லாரி ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டு நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு என் வண்டி ஒரு வழுக்கல் இல்லாமல் மேடேறியது. சந்தோஷத்தில் திரும்பி, "பாத்தியா?" என்றேன். பக்கத்து சீட்டில் அந்தப் பேப்பர்தான் கிடந்தது.

அடுத்த வாரம் வண்டி நீலமாகப் புகைவிட்டது. மிதித்தால் அந்தத் தள்ளு இல்லை. உள்ளே கீச்சென்று ஒரு சத்தம். ஊரில் பார்த்த மெக்கானிக் எல்லாம் கையை விரித்தான். சாமான் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும், வருமா என்பதே சந்தேகம் என்றான். நானே ஷெட்டில் வண்டிக்கு அடியில் படுத்து டர்போவைக் கழற்றினேன். உள்ளே சுழலும் தண்டைத் தாங்குகிற வெண்கலப் புஷ், மோதிரம் அளவுகூட இல்லை, தேய்ந்து போயிருந்தது. அதைத் தலைமுடி கனம்கூடப் பிசகாமல் கடைய ஒரே ஒரு கைதான் எனக்குத் தெரியும்.

அந்தக் கைக்காரரின் லேத் முன்னால் போய் நின்றேன். "என்னால முடியாது. உன்னாலதான் முடியும்" என்றேன். நான் எவனிடமும் சொல்லாத வார்த்தை. புஷ்ஷுக்காக மட்டும் சொல்லவில்லை.

டர்போவை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். உள்ளே எண்ணெய் கருகித் தார் போல ஒட்டியிருந்தது.

"ஓட்டி வந்ததும் சட்டுனு ஆஃப் பண்றீங்களா சேட்?"

"பின்னே? வீடு வந்தா ஆஃப் பண்ண மாட்டாங்களா?"

"டீசல் ஷெட்டில பெரிய எஞ்சினையே அப்படி நிறுத்த மாட்டோம். ரெண்டு நிமிஷம் சும்மா ஓட விடணும். காற்றாடி சூடு தணியணும். புக்குல எழுதியிருக்குமே?"

எழுதித்தான் இருந்தது, இங்கிலீஷில். வண்டியோடு வந்த புத்தகத்தை நான் யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொன்னதில்லை. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்று தெரிந்துவிடுமே!

மூன்று நாள் கடைந்தார். ஆறு புஷ்ஷை அவரே தூக்கிப் போட்டார். நான் பக்கத்தில் நின்று சுருள் கூட்டினேன், எண்ணெய் ஊற்றினேன். ஷெட்டில் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். மூன்று நாளும் அவர் வாயிலிருந்து வேலைப் பேச்சு தவிர ஒன்றும் வரவில்லை. ஏழாவது புஷ் உட்கார்ந்தது. மாட்டி முடித்து வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தேன். வேட்டி, பனியன், முகம் எல்லாம் கிரீஸ். சாவியை எடுத்துக்கொண்டு டிரைவர் பக்கம் போனால், கதவு திறந்திருக்கிறது. உஸ்தாத் என் சீட்டில் நிதானமாகப் பேப்பரை விரித்துக்கொண்டிருக்கிறார்.

"உட்காரு பே மதராசி. சீட் கராப் ஆயிடும்."

ஷெட்டே சிரித்தது. எனக்குத்தான் கண் எரிந்தது. கிரீஸ் என்று சொல்லிக்கொண்டேன். அவர் பக்கத்து சீட்டில், வெறும் வெல்வெட்டில், தன் எண்ணெய்ப் பைஜாமாவோடு சாய்ந்து உட்கார்ந்தார். உப்பல் தாண்டி மிதித்தேன். ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் அந்தத் தள்ளு. "அரே வா!" என்று டேஷ்போர்டைத் தட்டினார். திரும்பி வந்து ஷெட் வாசலில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருந்தோம்.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. வண்டிக்குள் மட்டும் மதராசி, ஷெட்டுக்குள் கடைசிவரை சேட். தட்டு சாயா திரும்ப வரவேயில்லை.

வண்டியை எப்போதோ விற்றாயிற்று. உஸ்தாத்தும் போய்விட்டார். நான் இப்போது மாதாப்பூரில் பேரன் ஃபிளாட்டில் இருக்கிறேன். வாடகைக் கார் வந்து வாசலில் நின்றாலும் உடனே இறங்க மாட்டேன்; இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருப்பேன். டிரைவர் கண்ணாடியில் விநோதமாகப் பார்ப்பான். பார்க்கட்டும். அன்றைக்கு ஆயுத பூஜையில் பட்டதிலிருந்து, என் பக்கத்தில் உட்கார வருகிறவரின் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். என்ன, வருகிறவர்கள்தான் இப்போது குறைந்துவிட்டார்கள்.