பேர் வெட்டிய குண்டான்

திருவள்ளூர் பாத்திரக்கடையின் மூலையில் ஒருவர் சம்மணமிட்டு உட்கார்ந்து, எவர்சில்வர் குண்டானை மடியில் சாய்த்துவைத்துப் பேர் வெட்டிக்கொண்டிருந்தது இன்னும் என் காதில் இருக்கிறது. பேனா மாதிரி ஒரு சின்ன மெஷின். அது போட்ட 'கிர்ர்' சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. நான் அப்போது பாவாடை சட்டை போட்ட சிறுமி. சித்தியின் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் வாங்கப் போயிருந்தோம். சித்தி என்றால் அம்மாவின் கூடப் பிறந்த தங்கை. தாத்தா போன பிறகு எளாவூர் வீட்டுக்கு எல்லாமே பெரிய மாமாதான். நிலம், நீச்சு, தங்கையின் கல்யாணம் எல்லாம் அவர் பொறுப்பு. "இன்னா பேரு சார்?" என்று வெட்டுகிறவர் கேட்டார். மாமா தாத்தாவின் இனிஷியலோடு சேர்த்துச் சித்தியின் பேரைச் சொன்னார் பாருங்கள், வெளியே பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நல்லா ஆழமா வெட்டுப்பா. எந்தக் காலத்துலயும் அழியக் கூடாது" என்றார். சித்தி வெட்கம் தாங்காமல் என் பின்னலைப் பிடித்து இழுத்தாள்.

அந்தப் பேரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது பட்ட பாடு போதும்.

மாப்பிள்ளை வீடு திருநின்றவூர். தினமும் ரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர், சொந்த வீடு, ஒரே பையன் என்று மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சில வருஷம் போனது. குழந்தை இல்லை என்று ஜாடையாகப் பேச ஆரம்பித்தார்கள். அப்புறம் நேராகவே ஏசினார்கள். கடைசியில் ஒரே ஒரு பையைக் கையில் கொடுத்துச் சித்தியை எளாவூருக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் மாப்பிள்ளை வீட்டில் கூடி உட்கார்ந்து, பிரித்துவிடுவது என்று முடிவானபோது சீர்ப் பாத்திரத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டோம். அந்த மாமியார் நாக்கூசாமல் சொன்னாள்: "பாத்திரமா? உங்க பொண்ணே ஒண்ணொண்ணா பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டுட்டா. எங்கள இன்னாத்துக்குக் கேக்கறீங்க? அவளையே கேளுங்க."

சித்தி எழுந்து நின்று கத்தினாள். "பொய்யி! பரண் மேல மூட்டையா கட்டி வெச்சிக்கிறாங்க. யாராச்சும் ஏறிப் பாருங்க." யாரும் ஏறவில்லை. ஒரு ஸ்டூல் போட்டிருந்தால் போதும், அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும். அத்தனை ஆம்பிளைகள் வெள்ளை வேட்டியும் சட்டையுமாக உட்கார்ந்திருந்தார்கள், ஒருவருக்கும் எழுந்திருக்க மனசு வரவில்லை. அடுத்தவர் வீட்டுப் பரணில் ஏறுவது மரியாதை இல்லையாம். ஒரு பெண்ணைத் திருடி என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு காபி குடிப்பது மட்டும் மரியாதை போலிருக்கிறது. இதை எழுதும்போதுகூட எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனாலும் அந்த மாமியார் மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் இரண்டாவதுதான். முதல் ஆத்திரம் பெரிய மாமா மேல். திரும்பி வரும்போது வேனில் எல்லோர் முன்னாலும் அவர் சித்தியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சொல்லும்மா, நான் ஒண்ணும் பண்ணமாட்டேன். எங்க போட்ட?" சித்தி அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு எளாவூர் வீட்டில் நெல் மூட்டை அடுக்கியிருந்த அறைக்குப் புதிதாகப் பூட்டு வந்தது. ஒரு டம்ளர் காணோம் என்றால்கூட அத்தை, அதாவது மாமாவின் மனைவி, நேராகச் சித்தியிடம்தான் வருவாள். "நீ எங்கனா பாத்தியாம்மா?" என்று தேன் ஒழுகக் கேட்பாள். திட்டவே மாட்டார்கள், கேட்பார்கள். சும்மா கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

சித்தி ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் கும்மிடிப்பூண்டிக்குப் போய், பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பக்கத்திலேயே ஒற்றை அறை எடுத்துக்கொண்டாள். இன்றைக்கும் அதே கம்பெனி, அதே அறை. அங்கே ஒரு எவர்சில்வர் பாத்திரம் நான் பார்த்ததில்லை. எல்லாம் அலுமினியம், கொஞ்சம் பிளாஸ்டிக். லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தால் விடிந்ததிலிருந்து வேலை செய்வாள், எங்களைச் சிரிக்க வைப்பாள். கிளம்பும்போது மட்டும் தன் பையின் வாயைத் திறந்து அம்மாவிடம் காட்டுவாள். "பாத்துக்கோ, அப்பறம் அது காணோம் இது காணோம்னு சொல்லக் கூடாது" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அவள் தெருமுனை திரும்பியதும் அம்மா உட்கார்ந்து அழுவாள். நான் வளர வளர இந்தக் காட்சியும் கூடவே வளர்ந்தது.

கல்யாணமாகி எனக்கும் திருநின்றவூரே வாய்த்தது. அந்தத் தெருப் பக்கம் மட்டும் போகாமல் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவேன். இங்கே வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. வீட்டில் வேண்டாத சாமானைப் படம் பிடித்துப் போட்டால், வேண்டியவர்கள் வந்து இலவசமாக எடுத்துக்கொண்டு போவார்கள். நல்ல விஷயம்தான். என் பெண்ணின் படிக்கிற மேஜை அப்படி வந்ததுதான், அவளுடைய நடைவண்டி அப்படிப் போனதுதான். வாங்கிக்கொண்டவர்கள் படத்தோடு நன்றி போடவேண்டும் என்பது குழுவின் சட்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் வந்தது. "புது ஃபிளாட்டுக்கு ஷிஃப்ட் ஆகிறோம். எவர்சில்வர் பாத்திரங்கள், நல்ல கண்டிஷன். பேர் வெட்டியிருக்கு, பரவாயில்லைன்னா எடுத்துக்கலாம்." கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள், சிவப்பு இதயங்கள். "நல்ல மனசு சிஸ்டர்" என்று ஒருவர். "பேர் வெட்டாதது ஏதாவது இருக்கா?" என்று இன்னொருவர். நான் சும்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குண்டானின் கழுத்தில் தாத்தாவின் இனிஷியல். அதை ஒட்டிச் சித்தியின் பேர். "எனக்கு வேண்டும், இப்போதே வருகிறேன்" என்று போட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

கதவைத் திறந்தது ஒரு சின்னப் பெண். சித்திக்கு அப்புறம் கட்டிக்கொண்டு வந்தவள் என்று பார்த்ததுமே தெரிந்தது. அவளுக்கு என்னைத் தெரியாது. ஹாலில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அந்த மாமியார் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள், தலை முழுக்க நரைத்திருந்தது. "குரூப்ல இருந்து பாத்திரம் எடுக்க வந்திருக்காங்க அத்தே" என்றாள் அந்தப் பெண்.

"இது யாரோட பேருங்க?" என்று கேட்டேன்.

"தெரியலங்க. பரண் மேல மூட்டையா கட்டிக் கெடந்துச்சி. காலி பண்ணும்போது இறக்கினேன்."

பரண் மேல். மூட்டையாக. சித்தி அன்றைக்குக் கத்திய அதே வார்த்தை. நான் ஹாலுக்குள் இரண்டடி வைத்து, "இது எங்க சித்தி பேரு" என்றேன். கிழவி டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு 'அடடா' வரும் என்றுதான் முட்டாள்தனமாக நினைத்தேன்.

"அந்தப் பழங்கதையெல்லாம் இன்னாத்துக்கு இப்போ?" என்றாள். "ஃப்ரீயாத்தான குடுக்கறோம்? எட்த்துக்கினு போ."

ஃப்ரீயாம்! என் வாயில் என்னென்னவோ வந்தது. சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். எதிர் வீட்டில் கதவு திறந்தது. அந்தச் சின்னப் பெண் முகம் வெளுத்து நின்றாள், அவள் என்ன செய்வாள் பாவம். நான் மூட்டையை வண்டியில் வைத்துக் கட்டும்போது ஓடிவந்து, விட்டுப்போன மூடியை நீட்டினாள். "எனக்கு நெஜமா தெரியாதுக்கா" என்றாள். வாங்கிக்கொண்டேன்.

சட்டப்படி குழுவில் படம் போட்டேன். "கிடைத்தது. இதில் இருப்பது என் சித்தியின் பேர். அவள் விற்றுவிட்டாள் என்று சொன்னவர்களின் பரணிலிருந்து இறங்கியிருக்கிறது. நன்றி சொல்லமாட்டேன்." ஒரு இதயம் வரவில்லை. "பர்சனல் விஷயங்களைத் தவிர்க்கவும்" என்று குழுவை நடத்துகிறவர் எழுதினார். கொஞ்ச நேரத்தில் என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார். நல்ல மனசுக்காரர்கள் நன்றாக இருக்கட்டும்.

கும்மிடிப்பூண்டி அறையில் மூட்டையை அவிழ்த்தபோது சித்தி அழவில்லை. குண்டானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், விரலால் பேரைத் தடவினாள். "அப்பளம் பொரிக்கிற சட்டி இருந்துச்சே, அது எங்க?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பிறகு முகம் கழுவி, புடவை மாற்றி, குண்டானை மட்டும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, "வா, எளாவூர் போலாம்" என்றாள்.

மாமாவுக்கு வயதாகிவிட்டது. கூடத்தில் நாற்காலியில் இருந்தார். சித்தி குண்டானை அவர் மடியில் வைத்தாள். அது எங்கிருந்து வந்தது என்று நான் சொன்னேன். அவர் அதைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தார். "சரி வுடும்மா. எப்பவோ நடந்தது. அதான் கெடச்சிடுச்சில்ல" என்றார். பிறகு, "நான் எப்பனா உன்ன திருடின்னு சொன்னனா?" என்றார்.

"சொல்லலண்ணா. கேட்ட" என்றாள் சித்தி. "படி அத."

"கண்ணாடி இல்லம்மா."

"கண்ணாடி எதுக்கு? நீ வெட்டச் சொன்ன பேருதான?"

மாமா வாய்க்குள்ளேயே முனகினார். "எனக்கே கேக்கல" என்றாள் சித்தி. "அன்னிக்குக் கடையில சொன்ன பாரு, அந்த மாதிரி சொல்லு."

சமையலறையில் அத்தையின் கரண்டிச் சத்தம் நின்றது. மாமா தொண்டையைச் செருமினார். தாத்தாவின் இனிஷியலோடு சேர்த்துச் சித்தியின் பேரைச் சொன்னார். குரல் உடைந்திருந்தது, ஆனால் கேட்டது. தெருவில் போன யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னொரு வாட்டி" என்றாள் சித்தி.