எஞ்சின் ஓடும்போது மட்டும் வந்த இரைச்சல்

யாழ்ப்பாண நகரில், ஐந்து சந்திக்குக் கிட்ட உள்ள ஒரு றேடியோ திருத்தும் கடையில் வேலை செய்கிறேன். கோப்பாயிலிருந்து ஸ்கூட்டரில் போய் வருவேன். கடைக்காரரை நான் நானா என்றுதான் கூப்பிடுவேன். தொண்ணூறில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற்றப்பட்டபோது சின்ன வயதில் குடும்பத்தோடு போய், புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்து அதே தெருவில் கடை போட்டவர் அவர். பழுது பார்ப்பது அவர் பாடு. புதிதாக ஏதாவது வடிவமைப்பதென்றால் என் பாடு.

மீன்பிடிப் படகுகளின் பழைய வயர்லெஸ் செட்டுகள்தான் எங்களிடம் அதிகம் வரும். அவற்றில் அலைவரிசையை உருவாக்கும் பகுதி பழுதானால் மாற்றுச் சாமான் கிடைப்பதில்லை. அதற்காக நான் ஒரு சிறிய பலகை வடிவமைத்தேன். அதில் ஒரு குவார்ட்ஸ் பளிங்கு பிசகாத தாளம் ஒன்றைக் கொடுக்கும். பக்கத்தில் இருக்கும், வானொலி அலையை உண்டாக்கும் அலையியற்றியோ, மின்னழுத்தம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அலைவரிசையை மாற்றிக்கொள்ளும். இரண்டையும் ஓயாமல் ஒப்பிட்டு, விலகும்போதெல்லாம் மின்னழுத்தத்தைத் திருத்தி அலையியற்றியை இழுத்துப் பிடிப்பதுதான் பேஸ் லொக் லூப். அந்தத் திருத்தும் மின்னழுத்தத்தில் துளி அசைவு கலந்தாலும் அது இரைச்சலாக வெளியே போய்விடும். கடை மேசையில் என் பலகை சுத்தமாக வேலை செய்தது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

முதல் பலகையைக் குருநகர்ப் படகு ஒன்றில் பொருத்தினோம். இரண்டாவது கிழமை படகுக்காரரின் மனைவி கடைக்கு வந்தார். வீட்டில் இன்னொரு செட்டை வைத்துக்கொண்டு, கடலில் இருக்கும் கணவரோடு கதைப்பவர் அவர்.

“தங்கச்சி, அவர் கதைக்கிறது ஒண்டும் விளங்கேல்லை. கர்ர் எண்டு கிடக்கு. எஞ்சினை நிப்பாட்டினாத்தான் குரல் வருது.”

“அது எஞ்சின்ரை கறண்டாலை வாற இரைச்சல், அக்கா. செட்டிலை பிழை இல்லை” என்றேன்.

“முந்தியும் இதே எஞ்சின்தானே? அப்ப நல்லாத்தானே கேட்டது?”

அவர் கோபப்படாமல்தான் மேலே சொன்னார்: “கதைக்கிறதுக்காக நடுக்கடலிலை எஞ்சினை நிப்பாட்டுறார். போன கிழமை நீரோட்டம் இழுத்து, வேறை ஆக்களின்ரை வலைக்கு மேலை படகைக் கொண்டுபோய் விட்டிட்டுது.”

அடுத்த நாள் காலை நானாவும் நானும் படகுக்குப் போனோம். எஞ்சினிலிருந்து வரும் மின்சாரம்தான் காரணம் என்று நான் உறுதியாக இருந்தேன். மின்சாரம் செட்டுக்குள் நுழையும் இடத்தில் வடிகட்டி ஒன்று போட்டதும் மெல்லிய விசில் சத்தம் ஒன்று நின்றது. கர்ர் என்ற உறுமல் நிற்கவில்லை. எஞ்சினோடு தொடர்பே இல்லாத தனிப் பற்றரி ஒன்றில் செட்டைப் போட்டுப் பார்த்தோம். அப்போதும் அதே உறுமல். அப்படியென்றால் காரணம் மின்சாரம் இல்லை.

கடைக்குத் திரும்பி, லூப் இன்னும் விரைவாகத் திருத்தும்படி மாற்றினேன். படகில் உறுமல் பாதியாகக் குறைந்தது. ஆனால் இப்போது உண்மையான அலைக்கு இரு பக்கமும் போலி அலைகள் முளைத்தன. நான் ஒரு சனலில் கதைக்க, நானா பக்கத்துச் சனலில் வைத்திருந்த செட்டிலும் என் குரல் கேட்டது. மற்றப் படகுக்காரரின் பேச்சுக்குள் போய் விழும் செட்டை யாருக்கும் கொடுக்க முடியாது. எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினேன்.

மூன்று நாள் அப்படியே போனது. நாலாம் நாள் பின்னேரம், பலகை மேசையில் ஓடிக்கொண்டிருக்க, நானா தேத்தண்ணிக் கோப்பையைப் பக்கத்தில் வைத்தார். திருத்தும் மின்னழுத்தத்தைக் காட்டும் அளவுக்கருவியின் திரையில் நேராக நின்ற கோடு ஒருமுறை துள்ளியது. அவர் கோப்பையைத் தூக்கி மறுபடியும் வைத்தார். மறுபடியும் துள்ளியது.

“உதைப் பாருங்கோ தங்கச்சி” என்றார்.

பென்சிலின் பின்பக்கத்தால் ஒவ்வொரு சாமானாகத் தட்டினேன். திருத்தும் மின்னழுத்தத்தைச் சீராக்க நான் போட்டிருந்த செராமிக் கப்பாசிற்றரைத் தட்டியதும் கோடு முழுக்கக் கலைந்தது. சிலவகைச் செராமிக், அதிர்ந்தால் தானே மின்னழுத்தம் உண்டாக்கும். பல்கலைக்கழகத்தில் படித்திருக்கிறேன். பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். ஆனாலும் சின்னதாக, பலகையில் அழகாக அடங்குகிறது என்று அதைத்தான் தெரிந்தெடுத்திருந்தேன். படகில் எஞ்சின் அதிர, கப்பாசிற்றரும் அதிர்ந்து, அந்த அதிர்வை நேரே அலையியற்றிக்குக் கொடுத்திருக்கிறது.

பிளாஸ்ரிக் படலக் கப்பாசிற்றர்களை மாற்றிப் போட்டேன். அவை பெரியவை, பலகை அவலட்சணமாகிவிட்டது. சைக்கிள் ரியூப்பை வெட்டிப் பலகைக்கு அடியில் வைத்தோம். தட்டினோம், குலுக்கினோம். கோடு அசையவில்லை.

நானா செட்டோடு படகில் ஏற, நான் படகுக்காரரின் வீட்டுக்குப் போனேன். அந்த அக்கா முற்றத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, எஞ்சினிலை பிழை இல்லை. என்ரை பலகையிலைதான் பிழை.”

“நான் நினைச்சனான்” என்றார், தலை நிமிராமல். பிறகு பக்கத்தில் கிடந்த வாங்கைக் காட்டி, “இருங்கோ” என்றார்.

அரை மணித்தியாலத்தில் வீட்டுச் செட்டில் கணவரின் குரல் வந்தது. “எஞ்சின் ஓடிக்கொண்டுதான் கிடக்கு. கேக்குதோ?”

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு செட்டை எடுத்தார். “ஓம், கேக்குது. வரேக்கை சீனி வாங்கிக்கொண்டு வாங்கோ.” அவ்வளவுதான் கதைத்தார்.

அந்த அக்கா முறையிட வருவதற்கு முன்பே அதே பலகையை இன்னும் நாலு படகுகளில் போட்டிருந்தோம். எல்லாரையும் வரச்சொல்லி மாற்றிக் கொடுத்தேன். கடைசியாக வந்தவரிடம், இத்தனை நாள் இரைச்சல் இருக்கவில்லையா என்று கேட்டேன்.

“இருந்தது. புதுச்செட்டு அப்பிடித்தான் கிடக்கும் எண்டு நினைச்சன், பிள்ளை” என்றார்.

அவர் போனபின் அந்தப் பழைய பலகையிலிருந்து செராமிக் கப்பாசிற்றரைக் கழற்றி எடுத்தேன். அந்த அக்கா கடைப்படி ஏறாமல் இருந்திருந்தால், என் பலகை சுத்தமாக வேலை செய்கிறது என்றே நானும் நினைத்துக்கொண்டிருந்திருப்பேன்.