சந்துக்கு ஒரு கைபேசி

மெய் அக்காவின் மேஜைக்குப் பின்னால் இருந்த அலமாரிக்கு அலுவலகத்தில் முதியோர் இல்லம் என்று பெயர். மற்றவர்கள் தூக்கிப் போட்ட கைபேசிகளெல்லாம் அங்கே சார்ஜரைக் கடித்துக்கொண்டு உயிரைப் பிடித்து வைத்திருந்தன. திரை விரிசல் விட்டது ‘சிலந்தி’. காலையில் எழுப்பினால் மத்தியானம் கண் விழிப்பது ‘மாமனார்’. பேட்டரி உப்பி முதுகு தள்ளியது ‘ஏழாம் மாசம்’. அதற்கு மட்டும் தனித் தட்டு, கீழே ஒரு வாளி மணல்.

அலமாரியின் உச்சியில் ஒரு பச்சைப் பொட்டலம் உட்கார்ந்திருக்கும். தேங்காய் வாசம் அடிக்கும் சோளப் பொரி. ‘சமர்த்தா இரு’ என்பதுதான் அதன் பெயருக்கு அர்த்தம். இயந்திரம் மக்கர் பண்ணாமல் இருக்க, அது இருக்கும் இடத்திலெல்லாம் தைவான்காரர்கள் இந்தப் பொட்டலத்தை வைப்பார்கள். நிறம் பச்சையாகத்தான் இருக்க வேண்டும், தேதி தாண்டக் கூடாது, பசியில் உயிர் போனாலும் தின்னக் கூடாது.

அக்காவின் முழுப்பெயர் பெங் சியூ-மெய். கல்லூரியில் படித்தது கணக்கு. பிழைத்தது இரவுச் சந்தையில் செல்போன் ரிப்பேர் கடை போட்டு. அந்தக் கடையை மூடியபோது மிஞ்சிய சரக்கோடுதான் தைனானில் இந்த நிறுவனத்தில் வந்து சேர்ந்தாள். குப்பை வண்டி எங்கே வருகிறது என்று காட்டும் செயலியை இவர்கள் செய்கிறார்கள். அது பழைய கைபேசிகளிலும் ஓடுகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. புகார் சொல்லும் போன்களை எடுப்பதும் அவள்தான். திட்டு வாங்கும் வேலையை வேறு யாரும் கேட்டதில்லை.

புதிதாகத் தைபேயிலிருந்து வந்த புரோகிராமர் லியாவ் ஒருநாள் கூட்டத்தில் எழுந்து நின்றான்.

“பழைய ஆண்ட்ராய்டை விட்டுடுவோம் மேனேஜர். புதுசா ஒண்ணு செஞ்சா அதுக்குன்னு தனியா ஒரு ஒட்டுப் போட வேண்டியிருக்கு. கோடிங் முழுக்க பிச்சைக்காரன் சட்டை மாதிரி ஆயிடுச்சு. அதுல இருக்கிறவங்க நூத்துக்கு ரெண்டு பேர்தான்.”

மேனேஜர் ஃபாங் தலையாட்டினார். நூற்றுக்கு இரண்டு என்றால் அவருக்கு இரண்டு கொசு.

“அந்த ரெண்டு பேரும் வயசானவங்க,” என்றாள் மெய் அக்கா.

“புது போன் வாங்கட்டுமே அக்கா. உங்க முதியோர் இல்லத்தையும் காலி பண்ணிடலாம், இடமாவது மிச்சம்.”

சொன்னவன் சும்மா இருக்கவில்லை. பக்கத்திலிருந்த அலமாரியின் உச்சிக்கு எக்கி அந்தப் பச்சைப் பொட்டலத்தை எடுத்துக் கிழித்து நாலு பொரியை வாயில் போட்டுக்கொண்டான். கணக்குப் பிரிவுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நமத்துப் போச்சு,” என்றான் லியாவ், மென்றுகொண்டே.

அடுத்த வெளியீட்டோடு பழைய கைபேசிகளுக்குக் கதவு சாத்துவதென்று முடிவாயிற்று. அதோடு அலமாரியும் போகும், அலமாரி போனால் அக்காவின் வேலையும் கேள்விக்குறிதான். அவள் கையைத் தூக்கினாள்.

“சரி மேனேஜர். எல்லாருக்கும் ஒரேயடியா சாத்துறதுக்கு முன்னாடி, நிஜமான ஆள் ஒருத்தரோட போன்ல மட்டும் செஞ்சு பாத்துடட்டுமா? ஒரே ஒரு போன்.”

“ஒண்ணுதானே? செய்யுங்க.”

யாருடைய போன் என்று ஃபாங் கேட்கவில்லை. கேட்காததை அவளும் சொல்லவில்லை.

வாரம் தவறாமல் புகார் சொல்லும் தூ அத்தை மெய் அக்காவுக்கு நல்ல பழக்கம். அத்தை ஒரு நீண்ட சந்தின் முனையில் சலவைக்கடை வைத்திருக்கிறாள். கோடையில் சந்து முழுக்க ஏசியைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொள்வதால் குப்பை வண்டி பாடிக்கொண்டு வரும் பியானோ மெட்டு ஒருவர் காதிலும் விழாது. அத்தைதான் தன் பழைய போனைப் பார்த்து, “வண்டி கோயில் தாண்டிடுச்சு! பையத் தூக்குங்கடி!” என்று ஏசி இரைச்சலையும் மீறிக் கத்துவாள். சந்தே பையோடு ஓடும். இந்த ஊரில் குப்பையைத் தெருவில் வைத்துவிட்டுப் போனால் அபராதம். நின்று, கையால், வண்டிக்குள் எறிய வேண்டும்.

“உங்க மேனேஜர் ஃபாங்கும் எங்க சந்துதான்,” என்று அத்தை ஒருமுறை சொல்லியிருந்தாள். “செயலி செய்யறவராம்! நான் கத்தினாத்தான் செருப்பை மாத்திப் போட்டுட்டு ஓடி வருவார்.”

மெய் அக்கா அவளைக் கூப்பிட்டாள்.

“அத்தை, செவ்வாய்க்கிழமை உங்க போன் வேலை செய்யாதுன்னு ஒரு நோட்டீஸ் காட்டும். ஒரே ஒரு நாள் பொறுத்துக்குவீங்களா?”

“என் குப்பைய யாருடி கொட்டுவா?”

“நான் வந்து எடுத்துக்கறேன்.”

“அப்ப சரி. எனக்கும் தொண்டை வலி.”

அந்தச் செவ்வாய்க்கிழமை ஃபாங் வீட்டில் பால்மீன் குழம்பு. செதில், குடல், தலை எல்லாம் பையில் கட்டி வாசலில் தயாராக இருந்தது. அவரும் அத்தையின் சத்தம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. சந்தேகப்பட்டு வெளியே வந்தபோது வண்டி பெரிய தெருவில் மெட்டுப் பாடிக்கொண்டே வளைந்துகொண்டிருந்தது. ஃபாங் வீட்டுச் செருப்போடு துரத்தினார். ஒரு செருப்பு சாக்கடை மூடியில் மாட்டிக்கொண்டது. வண்டி போய்விட்டது.

திரும்பி வந்தால் சந்து முழுக்க அவர் வாசலில், ஆளுக்கொரு பையோடு.

“ஃபாங், அத்தை போனை நீங்கதான் நிறுத்திட்டீங்களாமே?”

“புதன்கிழமை வண்டி கிடையாது. வியாழன் வரைக்கும் இந்த இறால் ஓட்டை உங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல வைக்கட்டுமா?”

தூ அத்தை போனைத் தூக்கிக் காட்டினாள். “இந்தக் கைபேசிக்கு இனி சேவை இல்லைன்னு எழுதியிருக்கு. எழுதினவன் குடும்பம் நல்லா இருக்கட்டும்!”

மறுநாள் காலை ஃபாங் அலுவலகத்துக்குள் வந்ததும் பக்கத்து மேஜைக்காரர் ஜன்னலைத் திறந்தார். மீன் வாடை.

“சியூ-மெய், அந்த ஒரு போன் யாரோடது?”

“நூத்துல ரெண்டு பேர்ல ஒருத்தரோடது மேனேஜர்.” அவள் தேநீரை ஊதினாள். “ஆனா ஒருத்தர் பாத்தா சந்தே ஓடுது. நம்ம கணக்கு போனை எண்ணுது, பையை எண்ணல.”

திட்ட வாயெடுத்த ஃபாங், ‘இந்த போன் ஓடலைன்னா எல்லார் பையும் உங்க வாசல்லதான்’ என்று வரும்போது தூ அத்தை சொல்லி அனுப்பியது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டார்.

“லியாவ்! பழசுக்குன்னு ஒரு சின்ன பதிப்பு செய். அழகு வேணாம், வரைபடம் வேணாம். வண்டி எங்கன்னு ஒரு வரி போதும். சியூ-மெய் சரின்னு சொல்ற வரைக்கும் ஒண்ணும் வெளிய போகக் கூடாது.”

லியாவ் வெளுத்துப் போயிருந்தான். கணக்குப் பிரிவுப் பெண் அவனைக் கடந்து போகும்போது, “பொரியைத் தின்னா சும்மா விடுமா?” என்று முணுமுணுத்தாள். அவன் அதை அப்படியே நம்பிவிட்டான். மத்தியானம் கடைக்கு ஓடி, புதுப் பச்சைப் பொட்டலத்தோடு வந்து இரண்டு கையாலும் நீட்டினான்.

“அக்கா, என்னாலதான் இப்படி ஆச்சு, இல்ல?”

மெய் அக்கா பொட்டலத்தைத் திருப்பித் தேதி பார்த்தாள். ‘மாமனார்’ அப்போதுதான் கண் விழித்துக்கொண்டிருந்தது.

“பின்ன, வேற யாரால?” என்று சொல்லிவிட்டு அதை அலமாரியின் உச்சியில் வைத்தாள்.